கறை தெரியாமல் ஒட்டுவது எப்படி? – டீகாலின் 250 வருடக் கதை

உங்கள் வீட்டில் பழைய தையல் மெஷின் இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் கொடி, பூ, கம்பெனிப் பெயர் எல்லாம் இருக்கும். சின்ன வயதில் அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மெஷினிலும் வரைகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம் அவர், எத்தனை மெஷின் வரைந்திருப்பார் என்று கவலைகூடப் பட்டிருக்கிறேன் :-)

அப்படி ஒருவர் கிடையாது. அது வரைந்தது இல்லை, ஒட்டியது. சிங்கர் போன்ற கம்பெனிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த அலங்காரங்களைக் காகிதத்தில் அச்சடித்து, அங்கிருந்து இரும்புக்கு மாற்றி, மேலே வார்னிஷ் பூசினார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வார்னிஷோடு சேர்ந்து பூவும் போய்விடும். (எங்கள் வீட்டில் போய்விட்டது. யார் துடைத்தது என்று கேட்காதீர்கள்.)

இந்த 'ஒட்டியும் ஒட்டினது தெரியாத' சமாசாரத்தின் பெயர்தான் டீகால். விமானம், டாங்கி, கப்பல், ரயில் என்று ஸ்கேல் மாடல் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் மெல்லிய படம். நான் அதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு கறை. 1/72 அளவில் ஒரு ஹரிக்கேன் விமானம் செய்தேன். பெயிண்ட் அருமையாக வந்தது. டீகால் ஒட்டிய மறுநாள் பார்த்தால், எழுத்துகளைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு, பக்கத்தில் பழுப்பாக ஒரு வளையம், அதற்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள். மூன்று வார உழைப்பு ஒரே ராத்திரியில் மலிவுப் பொம்மையாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடப் போய் 1750களில் போய் நின்றேன்.

அரை மணி நேரமும் 36 விநாடியும்

அப்போது இங்கிலாந்தில் பீங்கான் ஓடுகளில் படம் வேண்டுமென்றால் ஆள் வைத்து ஒவ்வொன்றாக வரைய வேண்டும். செலவு அதிகம், நேரம் அதிகம். இதற்கு ஒரு குறுக்கு வழி பிறந்தது. செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கு. மை பூசி மெல்லிய காகிதத்தில் அச்சடி. மை காய்வதற்குள் காகிதத்தைப் பொருளின் மேல் அழுத்தித் தேய். காகிதத்தை எடுத்துவிட்டுச் சூளையில் சுடு. இதுதான் டீகாலின் தாத்தா.

கண்டுபிடித்தது யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அயர்லாந்துக்காரரான செதுக்குக் கலைஞர் ஜான் புரூக்ஸ் 1751, 1754, 1755 என்று மூன்று முறை காப்புரிமை கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் கிடைக்கவில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் பாட்டர்சீ என்ற இடத்தில் யார்க் ஹவுஸ் தொழிற்சாலை 1753இல் இதே முறையில் எனாமல் பொருட்கள் செய்தது. அங்கே வேலை செய்தவர் பிரெஞ்சுக்காரரான சிமோன் பிரான்சுவா ரவனே. ஓவியர் ஹோகார்த்தின் புகழ்பெற்ற ஓவிய வரிசை ஒன்றுக்கு 1745இல் செதுக்கு வேலை செய்தவர் இவர். டீகாலின் தந்தை என்று சில நூல்கள் இவரைத்தான் சொல்கின்றன. முதலாளிகளில் ஒருவரான ஸ்டீபன் தியோடர் ஜான்சன் 1754இல் லண்டன் மேயரே ஆனார். இரண்டே வருடத்தில், 1756இல், திவாலானார். நல்ல டெக்னாலஜி இருந்தால் மட்டும் கம்பெனி பிழைக்காது என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். மேயர் எந்தக் காலேஜில் படித்தாரோ!

அதே 1756இல்தான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வருகிறது. இடம் லிவர்பூல். ஜான் சாட்லர், கை கிரீன் என்று இரண்டு பேர். சாட்லர் அச்சுத் தொழிலில் இருந்தவர். அவர் தூக்கிப்போட்ட வீணான அச்சுத் தாள்களை, குழந்தைகள் உடைந்த பீங்கான் சில்லுகளில் ஒட்டி விளையாடியதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அவர்கள் கொடுத்த சத்தியப் பிரமாணம் நிஜம். 1756 ஜூலை 27ஆம் தேதி, வேறு யார் உதவியும் இல்லாமல், ஆறு மணி நேரத்துக்குள் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டோம் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். திறமையான நூறு ஓவியர்கள் அதே நேரத்தில் வரையக்கூடியதைவிட இது அதிகம் என்று தொழில் தெரிந்த இரண்டு பேர் சான்றும் கொடுத்தார்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவன் இதைக் கணக்குப் போடாமல் விடுவானா?

இரண்டு பேர் × 6 மணி = 12 மனித மணி நேரம். 1,200 ஓடு. ஒரு ஓட்டுக்கு 36 விநாடி.
நூறு பேர் × 6 மணி = 600 மனித மணி நேரம். அதே 1,200 ஓடு. ஒரு ஓட்டுக்கு 30 நிமிடம்.

ஐம்பது மடங்கு! ஒரு பொருளின் கூலிச் செலவு ஐம்பதில் ஒரு பங்காகிறது. (செம்புத் தகடு செதுக்கும் செலவைச் சேர்க்கவில்லை. ஆனால் அது ஒரு தடவைச் செலவு. ஓடுகள் கூடக் கூட அது கரைந்துகொண்டே போகும்.) இத்தனைக்கும் இவர்கள் கடைசியில் காப்புரிமை வாங்கவில்லை. முறையை வெளியே சொல்லாமல் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். பீங்கான் உலகத்தின் பெரிய பெயரான ஜோசையா வெட்ஜ்வுட்டே 1760களில் தன் பாத்திரங்களை ஸ்டாஃபர்ட்ஷயரிலிருந்து லிவர்பூலுக்கு அனுப்பி அச்சடித்து வாங்கினார். காப்புரிமைக்கு மூன்று முறை அலைந்த புரூக்ஸுக்குக் கிடைக்காதது, வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது.

சரி, அந்த நூறு ஓவியர்கள் என்ன ஆனார்கள்? கணக்கு முடிந்ததும் எனக்கு வந்த கேள்வி இதுதான். ஒரே நாளில் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. அச்சு கறுப்புக் கோடாக விழும். அதற்குள் வண்ணம் நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. பிறகு ஸ்டாஃபர்ட்ஷயர் தொழிற்சாலைகளில் இது குழு வேலையாகவே மாறியது. அச்சடிப்பவர் ஒருவர், காகிதத்தைப் பாத்திரத்தில் பதிப்பவர் ஒருவர், காகிதத்தை வெட்டிக் கொடுப்பவர் ஒருவர். பதிப்பதும் வெட்டுவதும் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலை. வளைவான கிண்ணத்தில் தட்டையான காகிதத்தைச் சுருக்கம் விழாமல் பதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று விமானத்தின் மூக்கில் டீகால் ஒட்டிய எவனுக்கும் தெரியும். அதாவது திறமை ஒழியவில்லை. பெயரும் கூலியும் குறைந்த வேறு கைகளுக்குப் போனது. தட்டைப் பார்ப்பவர் கண்ணில் ஓரம் படாதவரை அந்தக் கைகளும் கண்ணில் படாது.

பைத்தியம் பிடித்த காலம்

அடுத்த பாய்ச்சல் லித்தோகிராஃபி. கல்லில் வரைந்து அச்சடிக்கும் இந்த முறையை ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் உருவாக்கினார். 1837இல் கோடஃப்ராய் எங்கெல்மான் பல வண்ண லித்தோகிராஃபிக்குக் காப்புரிமை வாங்கினார். இனி ஓவியரை வைத்து வண்ணம் நிரப்ப வேண்டாம். காகிதத்திலேயே எல்லா வண்ணமும் வந்துவிடும்.

1860களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது ஒரு பொழுதுபோக்காகவே வெடித்தது. பெட்டி, விசிறி, ஜாடி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் படம் ஒட்டினார்கள். பிரெஞ்சில் 'டெகால்கே' என்றால் பிரதி எடுப்பது. அதோடு 'மேனி', அதாவது பைத்தியம், சேர்ந்து 'டெகால்கோமேனி' ஆனது. நாம் சொல்கிற 'டீகால்' இந்தப் பெயரின் சுருக்கம்தான். பெயரிலிருந்து பைத்தியத்தை வெட்டிவிட்டார்கள். செய்கிறவர்களிடம் அது பத்திரமாக இருக்கிறது :-)

அந்தக் காலத்து முறை கொஞ்சம் தலைகீழ். படத்தின் முகத்தில் வார்னிஷ் தடவி, குப்புற ஒட்டி, பின்னாலுள்ள காகிதத்தை நனைத்து உரித்து எடுக்க வேண்டும். ஒட்டும்போது படம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. இடம் தவறினால் அவ்வளவுதான். இதற்கு விடையாக வந்ததுதான் வழுக்கும் டீகால். காகிதத்தின் மேல் டெக்ஸ்ட்ரின் பசை (மாவிலிருந்து எடுப்பது, தண்ணீரில் கரையும்). அதன் மேல் லாக்கர் போன்ற மெல்லிய ஒளிபுகும் படலம், அதோடு மை. தண்ணீரில் போட்டால் பசை இளகும், படலம் படத்தைத் தாங்கிக்கொண்டு நேராகவே நகரும். தவறான இடத்தில் வைத்தாலும் ஈரம் காயும்வரை நகர்த்திக்கொள்ளலாம். இன்று நாம் சாப்பிடும் பீங்கான் தட்டின் ஓரப் பூவும் பெரும்பாலும் இப்படி வழுக்கி வந்ததுதான். சூளையில் படலம் எரிந்துபோய் வண்ணம் மட்டும் நிற்கும்.

பிளாஸ்டிக் மாடலைச் சூளையில் வைக்க முடியாது. படலம் அங்கேயே நிற்கும். நம் கஷ்டத்தின் ஆணிவேர் இதுதான்.

பொம்மைக்குள் வந்த போர்

1936இல் பிரிட்டனில் ஃப்ராக் கம்பெனி 'பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவில் பிளாஸ்டிக் விமான கிட்டுகளை விற்க ஆரம்பித்தது. 1939இல் ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் லண்டனில் ஏர்ஃபிக்ஸைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த பொம்மை, பிறகு சீப்பு! 1949இல் ஒரு ஃபெர்குசன் டிராக்டர் மாடல், 1952இல் கோல்டன் ஹிண்ட் கப்பல். அதற்கடுத்து ஒரு ஸ்பிட்ஃபயர். அந்த ஸ்பிட்ஃபயர் கிட்டைச் சேகரிப்பாளர்கள் இன்றும் 'பி.டி.கே.' என்றுதான் அழைக்கிறார்கள். அது விமானத்தின் பெயர் இல்லை, டீகாலில் இருந்த மூன்று எழுத்து. ஒரு கிட்டின் அடையாளமே அதன் டீகால் ஆகிவிட்டது.

நிஜ விமானங்களிலும் அப்படித்தான். ஒரே தொழிற்சாலையில் வந்த ஆயிரம் ஸ்பிட்ஃபயர்களும் ஒரே மாதிரி இருக்கும். பக்கவாட்டில் எழுதின எழுத்துதான் இது யாருடையது, எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும். இரண்டு காலும் இழந்தும் விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடர் தன் விமானத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளான 'டி', 'பி' இரண்டையும் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு எழுத்தை எடுத்துவிட்டால் அது ஏதோ ஒரு ஸ்பிட்ஃபயர்.

வட்டமும் நட்சத்திரமும்கூட இப்படித்தான். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரத்துக்கு நடுவில் முன்பு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வந்து சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாது என்று 1942 மே மாதம் அதை எடுத்தார்கள். நம் பக்கமும் அதே கதை. இந்தியா, பர்மா பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்திலிருந்தும் சிவப்பைப் பிறகு நீக்கிவிட்டார்கள். வெறும் நீலமும் அதன் வெளிர் நிறமும் மட்டும். ஒரு சென்டிமீட்டர் டீகாலில் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அது எந்தக் காலத்து விமானம் என்று சொல்லிவிடலாம்.

நான் செய்த ஹரிக்கேன் 261ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது சைனா பே தளத்திலிருந்து எழும்பிப் போனவை அந்தப் பிரிவின் ஹரிக்கேன்கள்தான். அதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 5ஆம் தேதி, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. இந்தச் செய்திகள் வந்த அந்த ஏப்ரலில்தான் மெட்ராஸ் நகரமே பெட்டி படுக்கையோடு ஊரைக் காலி செய்தது. எங்கள் கொள்ளுப்பாட்டியும் அப்படிக் கும்பகோணம் போனவர். வீட்டில் இப்போதும் யாருக்காவது வயது கணக்குப் போட வேண்டுமென்றால் 'குண்டு பயத்துக்கு ஊரை விட்டுப் போன வருஷம்' என்பார்கள். அந்த விமானத்தின் வட்டத்தில் சிவப்பு இன்னும் இருந்த காலம் அது. அந்த வட்டத்தைச் சுற்றித்தான் எனக்குக் கறை விழுந்தது. ஏன் அவ்வளவு வருத்தப்பட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மூன்று கறை, மூன்று காரணம்

முதல் கறை, வெள்ளிப் பளபளப்பு. போர் விமானங்கள் பளபளக்காத மேட் நிறத்தில் இருக்கும். மேட் பெயிண்ட் ஏன் பளபளப்பதில்லை? அதன் மேற்பரப்பு நுண்ணிய மேடும் பள்ளமுமாக இருப்பதால். டீகால் படலம் மேடுகளின் மேல் கூரை போட்ட மாதிரி உட்காரும். பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் வெளிச்சம் சிதறித்தான் வெள்ளியாகத் தெரிகிறது. அதாவது நிஜம் போல இருக்கட்டும் என்று மேட் பெயிண்ட் அடித்தோமே, அதுவே டீகாலைப் பொய்யாக்கிக் காட்டுகிறது.

தீர்வு: முதலில் பளபளப்பான கிளியர் வார்னிஷ். நன்றாகக் காய்ந்த பிறகு டீகால். கடைசியில்தான் மேட் வார்னிஷ். இதற்காக அமெரிக்க மாடல்காரர்கள் 'ஃபியூச்சர்' என்ற தரை பாலிஷையும், பிரிட்டிஷ்காரர்கள் 'க்ளியர்' என்ற தரை பாலிஷையும் பல வருடம் பயன்படுத்தினார்கள். இரண்டும் அக்ரிலிக் தானே! கம்பெனிக்காரர்கள் தரைக்கு விற்றதை இவர்கள் விமானத்துக்கு வாங்கினார்கள்.

படலத்தை மென்மையாக்கிப் பள்ளங்களில் படிய வைக்கவும் மருந்து உண்டு. வினிகரே போதும் என்பது பழைய கைவைத்தியம். ரயில் மாடல்காரர்களுக்காக வால்தர்ஸ் விற்ற 'சால்வாசெட்', பிறகு 'மைக்ரோ செட்', 'மைக்ரோ சால்' எல்லாம் இந்த வழியில் வந்தவை. செட்டை ஒட்டுவதற்கு முன், சாலை ஒட்டிய பின். சால் பட்டதும் டீகால் சுருங்கும், பயமாக இருக்கும். அப்போது கை வைத்தால் கிழிந்துவிடும். சும்மா விட்டால் தானே இழுத்துக்கொண்டு படியும். விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

இரண்டாவது கறை, பழுப்பு வளையம். இது டெக்ஸ்ட்ரின். டீகாலுக்கு அடியிலிருந்து பிதுங்கி வந்த பசை காய்ந்து நிறம் மாறுகிறது. ஒட்டி முடித்து, டீகால் நன்றாகப் பிடித்த பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றிலும் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேலே வார்னிஷ் அடித்தால் கறை நிரந்தரமாகிவிடும். பயந்துபோய் டீகாலைத் தண்ணீரிலேயே நெடுநேரம் மிதக்கவிட்டால் பசை மொத்தமும் போய் எதுவுமே ஒட்டாது. 20, 30 விநாடி நனைத்து, வெளியே எடுத்து டிஷ்யூ மேல் வைத்துவிடுங்கள். தானாக இளகும்.

மூன்றாவது கறை, வெள்ளைப் புள்ளி. புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் பதில் எங்கள் வீட்டுக் குழாயில் இருந்தது. போர் தண்ணீர்! பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் என் ஹரிக்கேனிலும் படிந்திருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினேன். பிரச்சினை தீர்ந்தது.

பழைய டீகால் மஞ்சளாகிவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

ஓரம்

இரண்டாவது ஹரிக்கேன் கறை இல்லாமல் வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்கூட ஓரம் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வரலாற்றைப் படித்த பிறகு ஒரு உறுத்தலும் கூடவே வந்தது. நிஜ விமானத்தின் வட்டத்தை வரைந்தது ஒரு மனிதக் கை. அதற்கென்று ஒரு கோணலாவது இருந்திருக்கும். நான் ஒட்டியது பிசகில்லாத வட்டம். சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிஜமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

இதற்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. அமெரிக்க விமானங்கள் பலவற்றின் புரொப்பெல்லர் இறக்கையில் ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் சின்ன முத்திரை இருக்கும். நிஜ விமானத்திலும் அது டீகால்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஓரம் தெரிந்தால் அது தப்பில்லை, அதுதான் சரி.

முதல் ஹரிக்கேனைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் இரண்டாவதைத்தான் கையில் எடுக்கிறார்கள். எடுத்தவுடன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் நீயே கையால் வரைந்ததா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினைக் காட்டுகிறேன்.